தளம் போடுவதற்கு முன்: கொங்கு நாட்டில் முதல் வீடு கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

சூலூர், பல்லடம், அவிநாசி, பெருந்துறைப் பக்கங்களில் ஐந்து சென்ட் சைட் வாங்கி முதன்முதலாக வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் முடிவுகளை எடுக்கின்றன. வாஸ்து பார்த்து வரைபடம், பிறகு வங்கிக் கடன், பிறகு தளம், அதன்பின் டைல்ஸும் பெயிண்டும் என்று வேலை நகர்கிறது. குடிபுகுந்து இரண்டு கோடை கழிந்து, மாடிப் படுக்கையறையில் இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுவதையும், மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதையும் பார்த்த பிறகுதான் சோலார் பற்றியும் கூரைச் சூடு பற்றியும் விசாரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கட்டி முடித்த வீட்டில் திருத்துவதற்கு ஆன செலவையும் அலைச்சலையும் பார்த்த பின்பே, அரசு தரும் சலுகைகளும் விதிக்கும் விதிகளும் வரைபடம் கையில் இருக்கும்போதே யோசிக்க வேண்டியவை என்று எனக்கு விளங்கியது.

கட்டட விதி ஒரு துறையிடமும், மின்சாரம் இன்னொரு துறையிடமும், ஆற்றல் சிக்கனம் மத்திய அரசின் ஓர் அமைப்பிடமும் இருப்பதால், இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் அலுவலகம் எதுவும் இல்லை. ஆகவே வீடு எழும் வரிசையிலேயே அவற்றை இங்கே அடுக்கியிருக்கிறேன்.

முதற்படி: சைட்டும் அனுமதியும்

விற்பவர் "டிடிசிபி அப்ரூவ்டு" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், நகர் ஊரமைப்பு இயக்ககம் அளித்த மனைப்பிரிவு அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த வரைபடத்தில் உங்கள் மனையின் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதி பெறாத மனைப்பிரிவாக இருந்தால், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பாகப் பத்திரப்பதிவு ஆன மனைகளை வரன்முறைப்படுத்தவே 2017இல் அரசு வழி செய்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். அந்தப் பக்கத்துக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகின்றன. மக்கள் வழக்கில் இதற்கு "ஹாக்கா" என்று பெயர். அங்கே வழக்கமான அனுமதி மட்டும் போதாது. குளுகுளுவென்று காற்று வருகிறது, மலை தெரிகிறது என்று முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. யானைகள் நடக்கும் வழி அது என்பதையும், காட்டின் ஓரத்தில் நாம் எழுப்பும் ஒவ்வொரு சுற்றுச்சுவரும் அவற்றுக்கு ஒரு தடை என்பதையும் வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

2024 ஜூலையில் மாநில அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டம் சிறு வீடு கட்டுவோருக்குப் பெரிய வசதி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனடியாக அனுமதி பெறலாம். 2,500 சதுர அடி என்பது ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். எனவே ஐந்து சென்ட் சைட்காரர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். ஆனால் சுயசான்று என்ற சொல்லிலேயே பொறுப்பும் இருக்கிறது. வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று கையொப்பமிடுவது நீங்கள்தான். பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தைப் படத்தில் விட்டுக் காட்டிவிட்டு, கட்டும்போது ஓரடியைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இங்கே சாதாரணமாகிவிட்டது. அந்த ஓரடி வெளியில்தான் காற்று நுழைகிறது, சுவர் சூடு தணிகிறது. விதியை மீறுவதால் அபராத அச்சம் வருவது ஒருபுறம் இருக்க, வீட்டின் நலமும் கெடுகிறது.

தோட்டத்துக்குள் சாளை, அதாவது தோட்டத்து வீடு, கட்டிக்கொள்ள வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே உரியது. அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம். விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் கோவை மாவட்டத்து விவசாயிகள் மின்கட்டணத்துக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய வரலாறும், 1970இல் பெருமாநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் இந்த மண்ணில் மறக்கக்கூடியவை அல்ல. அந்த உரிமையைப் பண்ணையத்துக்காகவே வைத்துக்கொள்வதுதான் முறை. வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

குடிசையில் இருப்பவர்களும் வீடில்லாதவர்களும் கடன் பற்றி யோசிப்பதற்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கேட்க வேண்டும். 2024-25 முதல் ஊரகப் பகுதிகளில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அதில் வழங்கப்படுகிறது. இதற்கு முன் 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியமின் சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய விளக்குகளும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கும் சூரிய ஒளிக்கும் அரசே முடிச்சுப் போட்ட முன்னோடி முயற்சி என்று அதை நான் மதிக்கிறேன்.

இரண்டாம் படி: மின்கட்டணத்தின் கணக்கு

இப்போது இருக்கும் வீட்டின் கடந்த ஓராண்டுக் கணக்கை, அதாவது இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு பதிவுகளை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை எல்லோரும் அறிவர். 500 யூனிட்டைத் தாண்டும்போது நடப்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை வைத்துப் பார்ப்போம். 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய் என்று கணக்கு. 500 யூனிட்டுக்கு மொத்தம் 1,725 ரூபாய். அதே வீடு 520 யூனிட் ஓடிவிட்டால், 2.25 ரூபாய் என்ற சலுகைப் படி போய்விடுகிறது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ரூபாய், 500க்கு மேல் 8 ரூபாய். தொகை 2,110 ரூபாய். கூடுதலாக எரிந்த 20 யூனிட்டுக்கு 385 ரூபாய் கூடிவிட்டது. அதற்குப் பிறகு விகிதங்கள் உயர்ந்திருக்கின்றன. உங்கள் சீட்டில் உள்ள இன்றைய விகிதத்தைக் கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்வதால் சோலார் எவ்வளவு வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கிறது. மேல்படியில் எரியும் யூனிட்களை முதலில் குறைக்க வேண்டும். அதற்கு மலிவான வழி மின்விசிறியில் இருக்கிறது. பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஐந்து விசிறிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரு கிலோவாட் சூரியத் தகடு இரண்டு மாதத்தில் தருவது 240 யூனிட் அளவுதான் என்பதை வைத்துப் பார்த்தால், விசிறி மாற்றுவது மூன்றில் இரண்டு பங்கு கிலோவாட் தகடு போடுவதற்குச் சமம். ஆற்றல் சிக்கனப் பணியகத்தின் நட்சத்திரக் குறி 2023 முதல் கூரை விசிறிகளுக்குக் கட்டாயமாகிவிட்டது. ஏசிகளின் தொடக்க வெப்பநிலையும் 2020 முதல் 24 டிகிரியாக வைக்கப்பட்டே வருகிறது. அந்த 24ஐ இறக்காமல், விசிறியையும் சேர்த்து ஓடவிடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரும் பெரிய செலவாளி. ஆயிரம் அடி போர் என்பது இந்தப் பக்கத்தில் அதிசயமில்லை. மோட்டாருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, ஆழத்தையும் நீர்வரத்தையும் அளந்து பொருத்தமான குதிரைத்திறனைக் கேட்டு வாங்காமல், "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரியதாக இறக்குவது வருத்தத்துக்குரியது.

மூன்றாம் படி: வரைபடத்தில் வெயிலும் காற்றும்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனெனில் இங்கே ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் நன்மையைப் பிறகு லட்சம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் நில நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கின்றன. அதனால் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்குச் சற்றே வடக்கில் நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கில் நிற்கிறது. தெற்குச் சுவரில் விழும் வெயிலை இரண்டடி சன்ஷேடு எளிதாக மறைத்துவிடும். மார்கழி உச்சிவெயிலில்கூட ஏறத்தாழ மூன்றடி உயரத்துக்கு அது நிழல் தரும். வடக்குச் சுவரிலும் கோடையில் சிறிது வெயில் படும், ஆனால் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால் குறுகிய சன்ஷேடே போதும். கிழக்கும் மேற்கும்தான் சிக்கலானவை. சூரியன் தாழ்வாக நின்று நேராகச் சுவரில் அடிக்கும்போது சன்ஷேடால் பயனில்லை. மேற்கு வெயிலைப் பிற்பகல் முழுவதும் வாங்கிய சுவர் இரவில்தான் அதை வீட்டுக்குள் விடுகிறது.

மேற்கை அடைத்துவிடலாம் என்றால், பாலக்காட்டுக் கணவாய் நம்மை விடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் அந்த இடைவெளி வழியாகத்தான் வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை காற்று பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிறைந்து நிற்பதும் அதே காற்றால்தான். வெயிலும் காற்றும் ஒரே திசையிலிருந்து வருவது கொங்கு வீட்டுக்கே உரிய சிக்கல். வேறு ஊருக்கு எழுதப்பட்ட வீட்டுப் படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்தாததற்குக் காரணமும் இதுதான்.

நம் பெரியவர்கள் இதற்கு விடை கண்டிருந்தார்கள். தொட்டிக்கட்டு வீட்டில் நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி ஆசாரம் என்னும் கூடம், முன்னால் திண்ணை. வெயில் திண்ணையோடு நின்றுவிடும், காற்று உள்ளே நுழைந்து முற்றத்தின் வழியாக மேலே ஏறிவிடும். ஐந்து சென்ட்டில் தொட்டிக்கட்டு கட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அதன் நுட்பத்தை எடுத்துக்கொள்ளலாம். மேற்குப் பக்கத்தில் மனிதர்கள் நெடுநேரம் இருக்காத குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்துவிட்டு, காற்றுக்காக உயரத்தில் ஒடுங்கிய சன்னல்களையோ, செங்குத்துத் தடுப்புகள் கொண்ட சன்னல்களையோ அமையுங்கள். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, எதிர்ச் சுவரிலோ மாடிப்படியின் உச்சியிலோ வெளியேற வழியும் இருக்க வேண்டும். மேற்கில் பத்தடி இடம் கிடைத்தால் ஒரு புங்கனோ வேம்போ வைத்துவிடுங்கள். ஐந்தாறு ஆண்டில் அது செய்வதை எந்த வண்ணப்பூச்சும் செய்யாது.

மத்திய அரசின் ஆற்றல் சிக்கனப் பணியகம் 2018இல் வீடுகளுக்கென "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" என்ற நெறித்தொகுப்பை வெளியிட்டது. அந்த முதற்பகுதி 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. உங்கள் ஐந்து சென்ட் வீட்டை அது கட்டாயப்படுத்தாது. இருந்தாலும் அதிலுள்ள இரண்டு அளவுகளை இன்ஜினியரிடம் காட்டுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மண்டலத்தில், திறக்கக்கூடிய சன்னல் கதவுகளின் மொத்தப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1,200 சதுர அடி வீட்டுக்கு 200 சதுர அடி. நகர்த்தும் சன்னல்களில் பாதிதான் திறக்கும் என்பதால், அவற்றைப் பாதியாகவே கணக்கிட வேண்டும். இரண்டாவது அளவு கூரையைப் பற்றியது. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

வாஸ்துவை நம்புகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மேல்தொட்டியும் மாடிப்படி அறையும் கன்னி மூலையில் உயரமாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் அமைக்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படியே. தென்மேற்கில் எட்டடி உயரத்தில் நிற்கும் அந்த அறை, மார்கழி மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வடகிழக்காகப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு நிழல் போடும். அந்த நிழல் எங்கே விழும் என்று யாரும் பார்க்காமல் தகடுகளை அங்கேயே பொருத்தினார்கள், நானும் பார்க்கவில்லை. தகட்டில் ஒரு மூலை நிழலானாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையும். பிறகு தகட்டுச் சட்டத்தைக் கழற்றி நகர்த்த வேண்டியதாயிற்று. கன்னி மூலை உயரமாக இருக்கட்டும். தகடுகளை அந்த அறையின் கூரை மேலேயோ, ஈசானி மூலையை ஒட்டியோ வைப்பதென்று வரைபடத்திலேயே குறித்துவிட்டால் இரண்டும் நிறைவேறும்.

நான்காம் படி: சுவரும் தளமும்

புதிய கட்டுமான முறைகளை அரசு ஊக்குவித்து வருகிறது. சென்னை பெரும்பாக்கத்தில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி 1,152 வீடுகளைக் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். நாட்டில் ஆறு இடங்களில் எடுத்துக்கொண்ட மாதிரித் திட்டங்களில் அது ஒன்று. நூற்றுக்கணக்கில் கட்டும் இடத்துக்கு ஏற்ற முறை அது. தனி வீட்டுக்கு அதைவிட எளிமையான வழிகள் போதும் என்பது என் எண்ணம்.

செங்கல்லை எங்கிருந்து வாங்குகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதியின்றி இயங்கிய செங்கல் சூளைகள் 2021இல் மூடப்பட்டன. அதற்குள் அங்கே செம்மண் எடுத்த பள்ளங்களும் சிதைந்த ஓடைகளும் ஏராளம். மேட்டூர் அனல்மின் நிலையம் நமக்கு அருகிலேயே இருப்பதால் நிலக்கரிச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல் எளிதாகக் கிடைக்கிறது. மேல்மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை, சூளையும் வேண்டாம், அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சும் குறையும். ஒரு கல்லைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து எடுத்து, மற்றொரு கல்லோடு தட்டிப் பார்த்து, ஓரம் உதிராமலும் கணீரென்று ஒலித்தும் இருந்தால் வாங்குங்கள்.

கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பினார். கல்லும் சாந்தும் கணிசமாக மிச்சமாகும், நடுவில் உள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் இங்குள்ள கொத்தனார்களில் பலருக்குக் கை பழகாத வேலை அது. சுற்றுச்சுவரில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு முடிவு செய்யுங்கள்.

தளத்துக்கு வருவோம். நாள் முழுவதும் வெயில் வாங்கும் பரப்பு கூரைதான். 2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியதை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. ஈகோ நிவாஸ் நெறி, கூரை வழியாக வெப்பம் கடத்தப்படும் அளவு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. வெறும் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் இந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. எனவே தளத்தின் மேல் ஏதாவது செய்தாக வேண்டும்.

பழைய முறையில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து வாட்டம் கொடுத்துத் தட்டு ஓடு பதிப்பார்கள். நன்றாகச் செய்தால் இன்றும் அதுவே சிறந்தது. ஆனால் பொறுமையாக அடித்து இறுக்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் தளத்தின் மேல் வெப்பத் தடுப்புப் பலகைகளை வைத்து, மேலே காரை போட்டு, வெள்ளை நிறக் கூலிங் டைல் பதிக்கலாம். அதற்கும் பணமில்லை என்றால் ஒவ்வொரு மாசியிலும் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கையில் உள்ள பணத்தில் சோலாரா, கூரைத் தடுப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், தயங்காமல் கூரைத் தடுப்பை முதலில் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. சூடான வீட்டைக் குளிர்விப்பதற்காகவே தகடு போட்டு மின்சாரம் எடுப்பதில் பொருளில்லை.

தளம் போடும் நாளுக்கு முன், சோலார் கம்பிகள் இறங்குவதற்கு மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு தனிக் குழாயும், தகட்டுச் சட்டத்தின் கால்களுக்குச் சிறு கான்கிரீட் பீடங்களும் படத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத வீடுகளில், பிறகு டைல் பதித்த மாடியில் துளையிட்டு, அந்தத் துளை வழியே ஐப்பசி மழையில் ஒழுகுவதைக் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: மழைநீர்

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், வாசலோரத்தில் ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டி மூடிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம்.

கொங்குச் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்களில் கொட்டிவிடும். அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை. ஆகவே குழியில் விட்ட நீர் முழுவதும் உங்கள் போருக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. சேமித்துப் பயன்படுத்துவதே இங்கே முதன்மையாக இருக்க வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் விழும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் வீணாவது போக 40,000 லிட்டருக்குக் குறையாது. பத்தாயிரம் லிட்டர் சம்ப் ஒன்றை மழைநீருக்கென்றே தனியாகக் கட்டுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விடுவதற்கு ஒரு வால்வும், மணலும் கரியும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியும் போதும். சம்ப் நிறைந்த பின் வழியும் நீரைப் பழைய கிணற்றிலோ வற்றிய போரிலோ, வடிகட்டிய பிறகே, இறக்குங்கள்.

போரில் சப்பைத் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர், வரும் ஊர்களில் இதன் அருமை உடனே தெரியும். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி, பவானி ஆற்றின் உபரி நீரை மூன்று மாவட்டங்களின் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங் குட்டைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் வந்த அந்த நீரை நம்பிப் போரை இன்னும் ஆழப்படுத்திக்கொள்ளாமல், நம் மாடியில் விழுவதையும் நாம் பிடித்துவைப்பது நம் பங்கு.

ஆறாம் படி: மாடியில் சூரிய மின்சாரம்

பிரதமரின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அதே 78,000தான். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் வேண்டும். நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும்.

விற்பனையாளர்கள் பெரும்பாலும் மூன்று கிலோவாட்டையே முன்மொழிவார்கள். இரண்டாம் படியில் எடுத்த கணக்கை அப்போது வெளியே எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரிக்கும் குடும்பம் விசிறிகளை மாற்றியபின் 350க்கு வந்துவிட்டால், 480 யூனிட் அளவுக்குத் தரும் இரண்டு கிலோவாட்டே தாராளம். ஏசி இரண்டு உள்ள வீடு, மின்சார வாகனம் வைத்திருக்கும் வீடு மட்டும் மூன்றை யோசிக்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன் மூன்று விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு வீட்டு இணைப்பாக மாறியிருக்க வேண்டும், ஏனெனில் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. இணைப்பு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; தந்தையார் பெயரிலோ, சைட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் பெயர் மாற்றம் முதலில். அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்று அட்டையில் பார்த்து, போடவிருக்கும் தகடு அதைவிட அதிகமானால் பளுவை உயர்த்தக் கேட்க வேண்டும்.

பிறகு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து விண்ணப்பியுங்கள். 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024இல் மத்திய விதி திருத்தப்பட்டிருப்பதால் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் காலம் குறைந்துவிட்டது. அந்தத் தளத்தில் பதிவுபெற்ற நிறுவனத்தைத்தான் அமர்த்த வேண்டும். வேறு யாரிடம் போட்டாலும் மானியம் வராது. மூவரிடமாவது விலைப்பட்டியல் கேளுங்கள். தகடும் அதனுள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டவை என்ற உறுதி, இன்வெர்ட்டரின் உத்தரவாத ஆண்டுகள், சட்டத்தின் இரும்புக் கனம், ஐந்தாண்டுப் பராமரிப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். மூன்று கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் பிணையின்றிக் கடன் தருகின்றன. வீட்டுக் கடனின் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தகட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கீழே துணி காயப்போட இடம் வேண்டும் என்று தகடுகளை எட்டடி உயரத்துக்குத் தூக்குவது இப்போது பரவியிருக்கிறது. ஆடிக் காற்றுக்கு அது பாய்மரம் போலாகும். பல்லடம், உடுமலைப் பக்கத்தில் இருப்பவர்கள் தாழ்வாக, தெற்கு நோக்கி 11 டிகிரி சாய்வில் வைப்பதே பாதுகாப்பு. உயரம் வேண்டுமென்றால் குறுக்குத் தாங்கிகளோடு, கட்டமைப்பு இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகே.

பொருத்தி முடிந்ததும் நிறுவனம் விவரங்களைப் பதிவேற்றும், ஈ.பி. அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து நெட் மீட்டர் வைப்பார்கள். அந்த மீட்டர் நீங்கள் வாங்கிய மின்சாரத்தையும் ஈ.பி. கம்பிக்குத் திருப்பிக் கொடுத்ததையும் தனித்தனியாகப் பதியும், கொடுத்தது உங்கள் கணக்கில் கழியும். இயக்கத் தொடக்கச் சான்று தளத்தில் ஏறியபின் வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் பதிவேற்றினால், 30 நாள்களுக்குள் மானியம் வரும் என்பது திட்டத்தின் அறிவிப்பு. சான்று ஏறாமல் நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

மின்தடையின்போது இந்தச் சோலாரும் நின்றுவிடும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய தனி ஏற்பாடு வேண்டும்.

ஏழாம் படி: குடிபுகுந்த பின்

முதல் இரண்டு கணக்கெடுப்புகளில் இன்வெர்ட்டரின் எண்ணையும் நெட் மீட்டரின் எண்ணையும் வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வெயில் நாளில் கிலோவாட்டுக்கு நான்கு யூனிட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் நிழலா, தூசியா, கம்பிப் பழுதா என்று அப்போதே பார்த்துவிடலாம். நூற்பாலைகளும் கல்குவாரிகளும் உள்ள பக்கங்களில் தூசி விரைவாகப் படியும். தகடுகளைக் கழுவச் சப்பைத் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்புத் திட்டுகள் படிந்து கண்ணாடி மங்கிவிடும். ஐந்தாம் படியில் கட்டிய சம்பின் மழைநீரே இதற்கு ஏற்றது. வெயில் ஏறுவதற்கு முன், விடிகாலையில், மென்மையான துணியால் துடையுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றக்கூடாது. மாசியில் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அன்றே இதையும், மழைநீர் வடிகட்டியின் மணலைக் கழுவும் வேலையையும் சேர்த்து வைத்துக்கொண்டால், ஒரே நாளில் மாடி வேலை முடிந்துவிடும்.